ஜிம் மாஸ்டர்களுக்கும் ஆணழகன் சங்கத்தாருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து ஒரு மடல்

அன்புள்ள மாஸ்டர்களுக்கும், ஆணழகன் போட்டி நடத்தும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வடசென்னையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்த பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சில வருடங்களாக அவர்களுக்கு நடுவே உங்கள் பையன்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ரத்தம் எடுக்கிறவனுக்கு அவர்களால் ஒரு சிரமமும் இல்லை. ரப்பர் பட்டையைக் கட்டுவதற்கு முன்னாலேயே நரம்பு எழும்பி நிற்கும். ஆனால் கையில் டாக்டர் சீட்டு இருக்காது. என்ன டெஸ்ட் என்று கேட்டால் போனை நீட்டுவார்கள். 'எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ரெண்டும் பாத்துட்டு ரிசல்ட் அனுப்பு' என்று ஒரு மெசேஜ் இருக்கும். இரண்டும் கல்லீரலுக்காகப் பார்க்கும் டெஸ்ட். அனுப்பியவரின் பெயர் 'மாஸ்டர்' என்று பதிவாகியிருக்கும்.

அந்த மெசேஜை அனுப்புகிறவர்களுக்குத்தான் முதலில் இதை எழுதுகிறேன். உங்களில் சிலரை எனக்கு நேரிலேயே தெரியும். கஞ்சாவுக்கும் கத்திக்கும் போயிருக்க வேண்டிய பையன்களை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி, இரும்பைத் தூக்க வைத்து, ஆளாக்கியவர்கள் நீங்கள். காவலர் தேர்வுக்குப் போகிறவனுக்கு ஒரு ரூபாய் வாங்காமல் பயிற்சி கொடுத்தவர்களையும் தெரியும். அந்த மரியாதை குறையாமல்தான் சொல்கிறேன். நீங்கள் பார்க்கச் சொல்லும் அந்த இரண்டு எண்களும் உடம்பை ஏற்ற ஸ்டீராய்டு மாத்திரை போடும் பையனின் கல்லீரல் பத்திரமாக இருக்கிறதா என்று சொல்லாது. அவற்றை நம்பி அடுத்த சைக்கிளை, அதாவது அடுத்த சுற்று மாத்திரையை, ஆரம்பிக்காதீர்கள்.

ஏன் சொல்லாது என்று கேட்பீர்கள். எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கல்லீரலில் மட்டும் இருப்பவை இல்லை, தசையிலும் இருக்கின்றன. நன்றாக லெக் டே, அதாவது கால் பயிற்சி, செய்துவிட்டு மறுநாள் வந்தால் எந்த மருந்தும் தொடாதவனுக்கும் இரண்டும் ஏறித்தான் இருக்கும். பழக்கமில்லாதவன் ஒரு மணி நேரம் எடை தூக்கினால் அந்த ஏற்றம் ஒரு வாரம்கூட நிற்கும். இது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் ரிப்போர்ட்டில் எண் கூடியிருந்தால் 'வொர்க் அவுட்னால வந்தது, பயப்படாத' என்று சொல்லி அனுப்புகிறீர்கள். சில நேரம் அது உண்மையாகவே இருக்கும். நிஜமாகக் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும் நாளிலும் அதே பதில்தான் வரும் என்பதுதான் சிக்கல்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு, அதுதான் இன்னும் மோசம். வாய்வழி ஸ்டீராய்டு கல்லீரலைத் தாக்கும் விதம் வைரஸ் காமாலை மாதிரி கிடையாது. ஹெபடைட்டிஸ் ஏ, இ வந்தால் எஸ்.ஜி.பி.டி. ஆயிரங்களில் போய் நிற்கும். ஸ்டீராய்டில் பெரும்பாலும் அது இயல்பு அளவைப்போல் இரண்டு மூன்று மடங்குக்குள் அடங்கிவிடும், இயல்பாகவே இருப்பதும் உண்டு. ஏறுவது பிலிரூபின், பித்தத்தில் இருக்கும் மஞ்சள் நிறமி. சாதாரணமாக 1.2-க்குள் இருக்க வேண்டிய அது 20, 30 என்று போகும். 'எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம்தான் கூடியிருக்கு, ஓகே' என்று நீங்கள் பதில் அனுப்பும் அதே நேரத்தில் பையனுக்குள் பித்தம் தேங்கிக்கொண்டிருக்கலாம். பிலிரூபின் பார்க்கச் சொல்லி ஒரு மாஸ்டரும் மெசேஜ் அனுப்பி நான் பார்த்ததில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. மாவட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். ரத்தம் எடுக்கும்போது இரண்டு கைகளிலும் முழங்கை வரை கீறல். பூனை வளர்க்கிறாயா என்று கேட்டேன். 'இல்லண்ணா, ராத்திரி ஃபுல்லா அரிக்குது, தூக்கமே இல்ல' என்றான். தோலில் தடிப்போ கொப்புளமோ எதுவும் இல்லை, நகத்தடம் மட்டும்தான். ட்யூபை மெஷினில் சுற்றி எடுத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக நீர் நிற்க வேண்டும். அவனுடையது மஞ்சளும் தாண்டி, அடர்ந்த பழுப்பாக இருந்தது. ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வெளியே வந்து அவன் கண்ணைக் கீழிமை இறக்கிப் பார்த்தேன். மேடைக்காகத் தோலைக் கறுப்பாக்கும் டேன் கிரீம் பூசிப் பூசி உடம்பு கறுத்திருந்ததால் வீட்டில் யாருக்கும் மஞ்சள் தெரியவில்லை.

அவன் குடிப்பதில்லை, சிகரெட் கிடையாது, சர்க்கரையை விட்டே வருடங்கள் ஆகிவிட்டன. முட்டையில் மஞ்சள் கருவைக்கூட ஒதுக்குவான். தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'லிவர் போச்சா? அப்ப தண்ணி அடிச்சிருப்பான்.' அவன் அம்மா அந்தப் பேச்சையும் கேட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தார்.

வாயில் போடும் மாத்திரைக்கு மட்டும் ஏன் இந்தக் கோளாறு என்று உங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். டெஸ்டோஸ்டிரோனை அப்படியே விழுங்கினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் அதை உடைத்துவிடும். அதனால் வேதியியல்காரர்கள் அந்த மூலக்கூறின் 17-ஆவது கார்பனில் ஒரு மீதைல் தொகுதியை ஒட்டிவிட்டார்கள். கல்லீரலால் அதை எளிதில் உடைக்க முடியாது, மருந்து தப்பித்துத் தசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். டயனபால், டி-பால் என்று நீங்கள் சொல்லும் மெத்தான்டியனோன், வின்ஸ்ட்ரால் என்கிற ஸ்டானோசோலால், ஆக்ஸிமெத்தலோன், ஆக்ஸான்ட்ரோலோன் எல்லாம் இந்த வகைதான். கல்லீரலால் உடைக்க முடியாமல் இருப்பதுதான் அவை வேலை செய்வதற்கே காரணம். அந்தக் குணத்தை எடுத்துவிட்டால் மாத்திரையே இல்லை. ஆகவே 'லிவருக்கு சேஃபான டி-பால்' என்று யாராவது விற்றால் அவர் பொய் சொல்கிறார், அல்லது பாட்டிலுக்குள் டி-பால் இல்லை.

கல்லீரல் செல்லிலிருந்து பித்தத்தை வெளியே தள்ளும் பம்பு போன்ற புரதங்கள் இருக்கின்றன. இந்த மருந்து அவற்றை மந்தப்படுத்துகிறது. வெளியே போக வேண்டிய பித்த உப்பும் பிலிரூபினும் ரத்தத்துக்குத் திரும்புகின்றன. தூங்க விடாத அரிப்பு, தேநீர் நிறத்தில் சிறுநீர், வெளுத்துப்போன மலம் எல்லாம் அதிலிருந்து வருபவை. பெரும்பாலும் ஆரம்பித்து ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் தலைகாட்டும். மருந்தை நிறுத்தினால் அநேகம் பேருக்குச் சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பிலிரூபின் மிக உயர்ந்து சிறுநீரகக் குழாய்களையும் அடைத்துக்கொண்டால் சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும், டயாலிசிஸ் வரை போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு வாதம் எழும் என்று தெரியும். 'நான் பத்து வருஷம் போட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே!' சரி, ஆகவில்லைதான். அந்தப் பித்தப் பம்புகளைச் செய்யும் மரபணு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்குப் பிறப்பிலேயே அது கொஞ்சம் தளர்வாக இருக்கும். சாதாரண வாழ்க்கையில் அவர்களுக்கே அது தெரியாது. மாத்திரை போட்டால்தான் வெளியே வரும். உங்கள் ஜிம்மில் யார் அந்த ஆள் என்று உங்களால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அப்புறம், அன்று நீங்கள் போட்ட அளவையும் இன்று பையன்கள் போடும் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1954-இல் வியன்னாவில் நடந்த உலகப் பளுதூக்கும் போட்டியில் ரஷ்யர்கள் டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதைத் தெரிந்துகொண்டு வந்த அமெரிக்க அணி மருத்துவர் ஜான் ஸீக்லர், 1958-இல் சீபா கம்பெனி வெளியிட்ட டயனபாலைத் தன் வீரர்களுக்கு நாளுக்கு 5, 10 மில்லிகிராம் கணக்கில்தான் கொடுத்தார். வீரர்கள் அவருக்குத் தெரியாமல் கைநிறைய விழுங்கினார்கள். பிறகு அவரே இதை வெறுத்துப் பேசினார். 1983-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்தே அது போய்விட்டது. இன்று நம் பையன்கள் 40, 50 மில்லிகிராம் என்று சொல்கிறார்கள். அதுவும் ஜிப் பையில் வரும் மாத்திரை. உள்ளே என்ன இருக்கிறது என்பது செய்தவனுக்கே வெளிச்சம்.

ஊசிக்கு மாறினால் கல்லீரல் தப்பிக்குமே என்கிறீர்கள். டெக்கா, டெஸ்டோ என்கிற ஸ்டீராய்டு ஊசிகளில் அந்த மீதைல் ஒட்டு இல்லை, அதனால் கல்லீரலுக்குத் தொந்தரவு குறைவு என்பது நிஜம். இதயமும் விதைப்பையும் அதற்கான விலையைக் கொடுக்கும், அது தனிக் கதை. உண்மையில் ஒன்றை மட்டும் போடுகிறவன் எங்கே இருக்கிறான்? ஊசியோடு மாத்திரையும் சேர்த்துப் போடுவதைத்தான் 'ஸ்டாக்' என்கிறார்கள். இடையில் இன்னொரு கூத்து. அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்க மயக்க மருத்துவர் போடும் மெஃபென்டெர்மின் ஊசியை, தசை புடைத்து நிற்கும் 'பம்ப்' வருவதற்காகப் போட்டுக்கொண்டு பெஞ்ச் பிரஸ் செய்கிறார்கள்.

லிவர் டானிக் விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரையோடு ஒரு டானிக்கும் சில்லிமாரின் என்கிற மூலிகை மாத்திரை ஸ்ட்ரிப்பும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் உங்கள் கடமை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். பையனும் அப்படித்தான் நம்புகிறான். இவை வாய்வழி ஸ்டீராய்டின் பாதிப்பைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. அவை செய்வது ஒன்றுதான், தைரியம் கொடுப்பது. அந்தத் தைரியத்தில் ஆறு வாரத்தில் நிறுத்தியிருக்க வேண்டியவன் பன்னிரண்டு வாரம் போகிறான். கண் மஞ்சளானதும் அடுத்த கட்டம் கீழாநெல்லி. பக்கத்து ஊரில் காமாலைக்கு மருந்து கொடுப்பவரிடம் கூட்டிப்போகிறார்கள், பத்தியம் இருக்கிறார்கள், அதில் இரண்டு மூன்று வாரம் போய்விடுகிறது. இதில் மாத்திரையை நிறுத்தாமலேயே பத்தியம் இருந்தவர்களும் உண்டு. போட்டி நெருங்கிவிட்டதாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உண்மை வெளியே வருவதில்லை. டாக்டர் என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்பார். பக்கத்தில் அம்மா நிற்பார். 'புரோட்டீன் பவுடர் மட்டும்தான் டாக்டர்' என்பான். உடனே ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, இ எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுதுவார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், பித்தக்குழாயில் கல் இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. வரை போகும். எல்லாம் நார்மல் என்று வரும். குடும்பத்தின் சேமிப்பு கரைந்த பிறகு ஒரு நாள் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு சொல்வான். மாஸ்டர்களே, இந்த இடத்தில் உங்களால் ஒரே ஒரு போன் கால் செய்ய முடியும். 'டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுடா, என் பேரையும் சொல்லு, பரவாயில்ல.' அவன் உங்கள் பேச்சைத்தான் கேட்பான். அப்பா பேச்சைக் கேட்கிற வயதா அது?

காமாலையாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் வருபவை இன்னும் இரண்டு இருக்கின்றன. வருடக்கணக்கில் போடுகிறவர்களின் கல்லீரலில் ரத்தம் நிரம்பிய சின்னச் சின்னப் பொந்துகள் உருவாகலாம். கட்டிகளும் வரலாம். கட்டி பெரும்பாலும் புற்றுநோய் இல்லாத அடினோமா, அபூர்வமாகப் புற்றுநோய். இரண்டும் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. இவை இருக்கும்போது என் லேபில் எல்லா எண்களும் நார்மல் என்றே வரலாம், ஸ்கேனில்தான் தெரியும். ஆஸ்திரியாவின் ஆணழகன் ஆன்ட்ரியாஸ் முன்சரைப் பழைய ஆட்களுக்குத் தெரியும். தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத அந்த உடம்பை உலகமே வியந்து பார்த்தது. 1996 மார்ச்சில், மேடையில் நின்று சில நாட்களிலேயே வயிற்று வலியோடு மருத்துவமனைக்குப் போனார், திரும்பவில்லை. வயது 31. கல்லீரலில் கட்டிகள் நிறைந்திருந்ததாகப் பிரேதப் பரிசோதனை பற்றிய செய்திகள் வந்தன. அவர் படம் இன்னும் சில ஜிம் சுவர்களில் இருக்கிறது. இறந்த விவரத்தை யாரும் கீழே எழுதி வைப்பதில்லை.

பவுடர், ஃபேட் பர்னர் பற்றி இரண்டே வார்த்தை. நம் சந்தையில் விற்ற 36 புரோட்டீன் பவுடர்களைக் கேரளத்துக் கல்லீரல் மருத்துவர்கள் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 70 விழுக்காட்டில் புரத அளவு லேபிளில் இருந்தபடி இல்லை. 2013-இல் ஹவாய்த் தீவுகளில் கடையில் வெளிப்படையாக விற்ற ஒரு கொழுப்புக் கரைப்பானைச் சாப்பிட்டுப் பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது, ஒருவர் இறந்தார். இப்போது புதிதாகச் 'சார்ம்ஸ்' என்று தசை ஏற்றும் மருந்து ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்டீராய்டு இல்லை, பாதுகாப்பானது என்கிறார்கள். கல்லீரல் பாதிப்பு வருகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2017-லேயே அதற்கு எச்சரிக்கை விட்டுவிட்டது.

இனிச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு.

மாஸ்டர் மாத்திரை கொடுக்கிறார் என்றால், அந்த உடம்புக்குக் கோப்பை கொடுப்பது நீங்கள். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் மேடை போடுகிறீர்கள். பின்னால் பேனரில் சப்ளிமென்ட் கடையின் பெயர் பாதி இடத்தை அடைத்திருக்கும். ஆறு மாதத்தில் 12 கிலோ ஏறியவன் மேடைக்கு வரும்போது அது சோற்றிலும் முட்டையிலும் வந்ததில்லை என்று நடுவர் நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் மார்க் போடுகிறார். அடுத்த வருடம் கீழே நின்று கைதட்டிய பதினெட்டு வயதுப் பையன் மாஸ்டரிடம் வந்து 'எனக்கும் அதே கோர்ஸ் குடுங்க' என்கிறான்.

டோப் டெஸ்ட் எடுக்க எங்களிடம் பணம் இல்லை என்பீர்கள், வார்டு அளவு போட்டிக்கு அது நியாயமான பதில்தான். 2022-இல் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமே வந்துவிட்டது. 2023-இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 3.8 விழுக்காட்டில் தடைசெய்த மருந்து இருந்தது, பெரிய விளையாட்டு நாடுகளில் நாம்தான் முதலிடம். ஆனால் அந்தச் சோதனைக்காரர்கள் உங்கள் தெரு மேடைக்கு வரப்போவதில்லை. அதனால் உங்களால் முடிந்ததைக் கேட்கிறேன். போட்டியில் பெயர் கொடுக்கும்போதே இரண்டு வாரத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேளுங்கள். பிலிரூபின், ஜி.ஜி.டி., ஆல்கலைன் பாஸ்படேஸ், கிரியாட்டினின் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிலிரூபின் கூடியவனை மேடையேற்றாதீர்கள். யார் மருந்து போட்டான் என்று இது காட்டிக்கொடுக்காது, சாகப் போகிறவனையாவது நிறுத்தும். போட்டிக்கு இரண்டு நாள் முன்பிருந்து தண்ணீரை நிறுத்தி, நீர் பிரிக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு நிற்பவனை இந்த ரிப்போர்ட் காட்டாது, அவனையும் மேடையேற்றாதீர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களுக்கான பிரிவில் சைஸுக்கு மார்க் குறைத்து, போஸுக்கும் உடம்பின் அளவுப் பொருத்தத்துக்கும் கூட்டுங்கள். மாத்திரை விற்கிற கடையின் பேனரை மேடையிலிருந்து இறக்குங்கள். அந்த ஸ்பான்சர் பணம் இல்லாவிட்டால் சவுண்டு செட் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

சட்டத்தையும் சொல்லி வைக்கிறேன், மிரட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அனபாலிக் மருந்துகள் மொத்தமும் அட்டவணை எச்-இல் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையே விற்கக் கூடாது. உரிமம் இல்லாமல் ஜிம்மில் வைத்து விற்றால் மருந்துகள் சட்டம் 27-ஆவது பிரிவின்படி குறைந்தது மூன்று வருடச் சிறை. ஐந்து வருடம் வரை போகலாம்.

காவலர் தேர்வுக்குத் தயாராகிற பையன்கள்கூட இதில் இறங்குவதுதான் எனக்கு ஆறவே இல்லை. மார்பளவு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் 86. இதற்கா டி-பால்? மூன்று மாதம் ஒழுங்காகத் தண்டால் எடுத்தால் வந்துவிடும் என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறவனை நாளைக்கே திட்டி விரட்டிவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் உடம்பு சொந்தமாக ஹார்மோன் சுரக்க மாதங்கள் ஆகும். சோர்வு, மனச்சோர்வு, யாரிடமும் சொல்ல முடியாத ஆண்மைப் பிரச்சினை எல்லாம் வரும். அதைத் தாங்க முடியாமல்தான் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். ஸ்டீராய்டை நிறுத்திய பிறகு போடச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் பி.சி.டி. மருந்து அட்டவணையைக் கையில் கொடுக்காமல் ஹார்மோன் டாக்டரிடம் அனுப்புங்கள். கண் மஞ்சளோ, தடிப்பே இல்லாத அரிப்போ, கறுத்த சிறுநீரோ இருந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கல்லீரல் பிரிவுக்கு அனுப்புங்கள். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். மிச்சமிருக்கும் மாத்திரையையும் அந்தப் பையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள், டாக்டருக்கு உதவும்.

என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். எங்கள் முதலாளியிடம் பேசிவிட்டேன். எந்த ஜிம் கூப்பிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ரத்தம் எடுத்துக்கொள்கிறோம். முழு லிவர் டெஸ்ட், அடக்க விலைக்கு. பெயர் வேண்டாம், ஒரு நம்பர் போதும். ரிப்போர்ட் பையன் கையில்தான் போகும், உங்களுக்கும் வராது, அதில் கோபப்படக் கூடாது. இரண்டு நாள் முன்பிருந்து வொர்க் அவுட் செய்யாமல் வரச் சொல்லுங்கள், லெக் டே கண்டிப்பாக வேண்டாம். பொங்கல் போட்டிக்கு நோட்டீஸ் அடிப்பதற்குள் சொன்னீர்கள் என்றால் தேதி ஒதுக்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பையன்களுக்கு ரத்தம் எடுக்கிறவன்